94 சேலையும் ஒரு சாம்பல் சேலையும்: காரைக்குடியில் ஒரு பீரோவை ஒழுங்கு செய்த விவரம்

மாசி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா ஒரு துணிப்பையோடு என் தையல் அறைக்கு வந்தார். பைக்குள் நான்கு பிளவுஸ். நான்கிலும் கை பிடிக்கிறது, பிரித்து விட முடியுமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். நான் உள்தையலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "பீரோவைத் திறந்தா சேலை மேல விழுது. காலையில கட்டிட்டுப் போக மட்டும் ஒண்ணு கிடைக்கல" என்றார். மிஷின் முன்னால் உட்கார்ந்து 17 வருஷமாக இந்த வார்த்தையை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான், சரி, இதற்கு என்ன காரணம் என்று ஒரு தடவை கடைசிவரை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதத்துக்கு அவர் தினமும் உடுத்துவதற்கு ஓர் அளவான உடுப்பு வரிசையை உருவாக்கிப் பார்த்தோம். அதன் விவரம் இது.

அக்கா என் சித்தப்பா மகள். வயது 43. கோட்டையூர் தாண்டிப் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. பள்ளிக்குச் சேலைதான் கட்ட வேண்டும். காலை 7.40 பஸ். பாதி நாள் நின்றுகொண்டே போக வேண்டியிருக்கும். வீட்டில் மாமியார், வீட்டுக்காரர், கல்லூரி போகும் மகன். காரைக்குடியில் பழைய காலத்து வீடு, நடுவில் வளவு என்கிற முற்றம், அதைச் சுற்றி அறைகள். சேலைகள் இருந்தது ஒரு இரும்பு பீரோ, ஒரு மரப்பெட்டகம், கட்டிலுக்கு அடியில் இரண்டு சூட்கேஸ்.

ஊர் வேறு, காலம் வேறு

கேப்சூல் வார்ட்ரோப் என்று வெளிநாட்டில் சொல்கிறார்கள். ஒன்றோடொன்று சேரக்கூடிய கொஞ்சம் உடுப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பருவத்தை ஓட்டுவது. நியூயார்க் வடிவமைப்பாளர் டோனா காரன் 1985-ல் ஏழே உருப்படிகளை அடிப்படையாக வைத்து ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். வேலைக்குப் போகும் பெண் அவற்றையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்பது யோசனை. 2010-ல் அமெரிக்காவில் கோர்ட்னி கார்வர் என்பவர் மூன்று மாதத்துக்கு 33 உருப்படி என்று ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். செருப்பு, நகையெல்லாம் அந்த 33-க்குள்ளேயே வந்துவிடும்.

யோசனை எனக்குப் பிடித்தது. பட்டியல் நமக்கு உதவாது. அங்கே வசந்தம் என்றால் குளிர் விட்டு வெளியே வருகிற காலம். மெல்லிய கோட்டு, மேலே போட்டுக் கழற்றுகிற ஸ்வெட்டர் என்று பட்டியல் அடுக்கடுக்காகப் போகும். நமக்கு இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். பேரில்தான் இளமை இருக்கிறது. காரைக்குடியில் அந்த மாதங்களில் வெயில் 38 டிகிரியைத் தொடும். மாசி, பங்குனிக்குப் பின்பனி என்று பேர் இருந்தாலும், பங்குனி பிறந்ததுமே காலை ஒன்பது மணிக்குத் தெருவில் நிற்க முடியாது. ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். வியர்வையோடு ஒரு நாள் முழுக்க நிற்கக்கூடிய உடுப்பு எத்தனை இருக்கிறது?

ஐந்தொகை

பர்மா, மலாயா, இலங்கை என்று கடை வைத்து நடத்திய ஊர் இது. வரவும் பற்றும் எழுதி, கடைசியில் ஐந்தொகை, அதாவது இருப்புக் கணக்கு, போட்டுப் பார்ப்பது இந்தப் பக்கத்துக்குப் பழகிய விஷயம். கல்யாணச் சீரில் கரண்டி முதற்கொண்டு பட்டியல் எழுதி வைக்கிற வீடுகள் இன்றைக்கும் உண்டு. அதே போல அக்காவின் சேலைகளுக்கும் ஐந்தொகை போட்டோம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வளவில் பாய் விரித்து எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டினோம். எண்ணி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது.

மொத்தம் 94 சேலை. பட்டு 23, ஜார்ஜெட்டும் சிந்தடிக்கும் சேர்த்து 41, பருத்தி 30. இந்த 94-ல் 37 சேலை விசேஷ வீடுகளில் வைத்துக் கொடுத்தவை. இவற்றை யாரும் தேர்ந்தெடுத்து வாங்கவில்லை, முறைக்காக வந்தவை. முறைக்கு வந்த சேலையைக் குறை சொல்லவும் மனம் வராது, கட்டவும் தோன்றாது.

இதுவரை யார் எண்ணினாலும் வருகிற கணக்குதான். அப்புறம் இன்னொரு எண்ணிக்கை எடுத்தோம். இந்த ஆய்வில் எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். ஒவ்வொரு சேலையையும் கையில் எடுத்து, "நாளைக்குக் காலையில இதக் கட்ட முடியுமா அக்கா?" என்று மட்டும் கேட்டேன். பிளவுஸ் இருக்கிறதா, அது போட வருகிறதா, ஃபால்ஸ் அடித்திருக்கிறதா, நிறத்துக்கு உள்பாவாடை இருக்கிறதா. நான்குக்கும் ஆமாம் என்றால் இடப்பக்கம், ஒன்று குறைந்தாலும் வலப்பக்கம்.

இடப்பக்கம் 38 சேலை. வலப்பக்கம் 56. அந்த 56-ஐத் தனியாகப் பார்த்தால், 29-க்குப் பிளவுஸ் இறுக்கம், 21-க்குப் பிளவுஸ் துணி சேலையை விட்டு இன்னும் வெட்டவே இல்லை, 6-க்குப் பிளவுஸ் போன இடம் தெரியவில்லை. பருத்தி 30-ல் இடப்பக்கம் சேர்ந்தது 11 மட்டுமே. பாயின் வலப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கும் மனசு கனத்தது. தெரிந்த ஒரு தையற்காரி கூப்பிடு தூரத்தில் இருந்தும் இத்தனை சேலை பிளவுஸுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது.

காலண்டர் தாள்

இதற்கு நடுவில் அக்காவிடம் ஒரு வேலை சொல்லியிருந்தேன். தினமும் கிழிக்கிற காலண்டர் தாளைத் தூக்கிப் போடாமல், அன்றைக்கு என்ன உடுத்தினார், ஏன் அதை எடுத்தார் என்று பின்பக்கம் ஒரு வரி எழுத வேண்டும். 21 நாள் தாள் சேர்ந்தது.

பள்ளி நடந்தது 16 நாள். அந்த 16 நாளில் கட்டியது ஒன்பது சேலை. ஒன்பதில் ஏழு சிந்தடிக், இரண்டு பருத்தி. ஒரு சாம்பல் நிறச் சிந்தடிக் சேலை மட்டும் நான்கு தடவை. ஏன் எடுத்தேன் என்ற வரியில் நான்கு தாளிலும் ஒரே பதில்: "இஸ்திரி வேண்டாம்." ஒரு தாளில் அதற்குக் கீழேயே, "பஸ்ஸில் முதுகு முழுக்க ஈரம். மதியம் வரை காயவில்லை" என்று எழுதியிருந்தார்.

காயாமல் இருப்பதற்குக் காரணம் நூலிலேயே இருக்கிறது. சாதாரணக் காற்றில் வைத்தால் 100 கிராம் பருத்தி எட்டு கிராமுக்கு மேல் ஈரத்தைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட இழுக்காது. வியர்வையை எடுத்துக்கொள்ளாத துணி உடம்பில் ஒட்டும், ஈரம் துணிக்கும் தோலுக்கும் நடுவிலேயே நிற்கும். அக்காவுக்கு இடுப்பில் பாவாடை கட்டும் இடத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் வேர்க்குரு வரும். இது தெரிந்தும் அவர் சாம்பல் சேலையைத்தான் எடுத்திருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. காலை 6.50-க்கு இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி, ஐந்தரை மீட்டர் பருத்தியைத் தேய்த்து முடிக்க 15 நிமிஷம் ஆகும். அந்த 15 நிமிஷம் அந்த வீட்டுக் காலையில் கிடையாது. தெருவில் இஸ்திரி வண்டி வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறது.

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. கட்டாமல் கிடக்கிற சேலையில் குறை ஒன்றும் இல்லை. சேலைக்கும் அதைக் கட்டுவதற்கும் நடுவில் கொஞ்சம் வேலை இருக்கிறது. அந்த வேலை முந்தின நாளே முடிந்திருந்தால் சேலை வெளியே வரும், முடியாவிட்டால் வராது. அளவான உடுப்பு என்று நாங்கள் செய்ததெல்லாம் அந்த வேலையை மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே முடித்து வைத்ததுதான்.

அப்புறம் நாள்களை எண்ணினோம். மூன்று மாதமும் சேர்த்து 92 நாள். பள்ளி 42 (மே மாதம் லீவு, ஜூனில் திறந்துவிடும்). கல்யாணம், சடங்கு, புதுமனை என்று பத்திரிகை வந்ததும் வரப்போவதும் 9. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் மாசி பங்குனித் திருவிழா, குன்றக்குடி பங்குனி உத்திரம் என்று கோவிலுக்கு 6. மீதி 35 நாள் வீடும் கடைவீதியும். பீரோவில் பாதிக்கு மேல் இடம் பிடித்திருந்தது அந்த 9 நாளுக்கான சேலை. 42 நாளுக்கு இருந்தது, நிஜமாகச் சொன்னால், ஒரு சாம்பல் சேலை.

பிளவுஸ் கணக்கு

என் தொழில் இது என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். நம் ஊரில் ஒரு சேலைக்கு ஒரு பிளவுஸ் என்று பழகிவிட்டோம். சேலையோடு வருகிற 80 சென்டிமீட்டர் துணியை வெட்டித் தைத்தால் அது அந்தச் சேலைக்கு மட்டும்தான் ஆகும். ஒரு சேலை கூடினால் ஒரு பிளவுஸும் கூடும். அந்தப் பிளவுஸ் இறுக்கமானால் சேலையும் உள்ளே போய்விடும். அக்கா விஷயத்தில் 29 சேலை அப்படித்தான் போயிருந்தது.

மாற்றிச் செய்தோம். பள்ளிக்கு எட்டுச் சேலை, அந்த எட்டுக்கும் சேர்த்து ஆறு பிளவுஸ். ஆறும் தனி நிறம், வேலைப்பாடு கிடையாது: அரக்கு இரண்டு, கறுப்பு, கடுகு மஞ்சள், பாட்டில் பச்சை, கோரா (வெளுக்காத நூலின் வெளிர் நிறம்) ஒவ்வொன்று. எந்தச் சேலையை எடுத்தாலும் குறைந்தது இரண்டு பிளவுஸ் சேர வேண்டும் என்பது நாங்கள் வைத்த ஒரே விதி. ஒன்று துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தாலும் இன்னொன்று இருக்கும்.

துணி டூ பை டூ என்கிற பருத்தி ரகம், ஆறு மீட்டர். வாங்கி வந்த அன்றைக்கே தனித்தனி வாளியில் இரவு முழுக்க ஊறவைத்தேன். பருத்தியை ஊறவைக்காமல் வெட்டினால் முதல் இரண்டு சலவையில் சுருங்கி, அளவு சரியாக இருந்த பிளவுஸ் கையில் பிடிக்க ஆரம்பிக்கும். லைனிங் கொடுக்கிறவர்கள் லைனிங் துணியையும் ஊறவைக்க வேண்டும். அது வேறு அளவில் சுருங்கினால் வெளித்துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். இந்த ஆறில் கோரா நிறத்துக்கு மட்டும் லைனிங் வைத்தேன். மற்ற ஐந்தும் கெட்டி நிறம், உள்ளே தெரியாது. வெயிலில் ஒரு அடுக்குத் துணி குறைவதே பெரிய உபகாரம்.

அளவு பிளவுஸை வைத்து வெட்டவில்லை. அக்காவை நிறுத்திப் புதிதாக அளவெடுத்தேன். பலகையில் எழுதுகிறவருக்குக் கை நாள் முழுக்கத் தூக்கியே இருக்கும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது எடுக்கிற அளவு அவருக்குப் போதாது. அக்குளில் சிறு டைமண்ட் வடிவத் துண்டு ஒன்று சேர்த்துத் தைத்தேன். அங்கே நான்கு பக்கமும் துணிக்கு இழுவிசை பிரிந்து போகும், கை தூக்கினால் பிளவுஸ் மேலே ஏறாது. பக்கத் தையலில் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, மூன்று வரிசைத் தையல் போட்டேன். உடம்பு கூடினால் ஒரு வரிசையைப் பிரித்தால் போதும்.

அந்த 29 இறுக்கப் பிளவுஸையும் திருப்பிப் பார்த்தேன். ஏழில்தான் உள்ளே ஓர் அங்குலத்துக்கு மேல் விட்டிருந்தது. ஏழையும் பிரித்துவிட்டேன். மற்ற 22-ல் துணியைத் தையலை ஒட்டியே வெட்டியிருந்தது, ஒன்றும் செய்ய முடியாது. பிளவுஸ் தைக்கக் கொடுக்கிறவர்கள் கழுத்து டிசைனை எவ்வளவு நேரம் காட்டிச் சொல்கிறோமோ, அதே அக்கறையோடு "உள்ள ரெண்டு இஞ்சு விடுங்க" என்றும் சொல்லிவிட்டு வர வேண்டும். அந்தத் துணி நம்முடையது.

கண்டாங்கியின் நிறங்கள்

எட்டுச் சேலையில் ஐந்து, பீரோவில் இருந்த பருத்தியிலேயே கிடைத்தது. கடுகு மஞ்சளில் அரக்குக் கரை ஒன்று, பச்சையில் மஞ்சள் கரை ஒன்று, கறுப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த சுங்குடி ஒன்று, கோரா உடலில் அரக்குக் கரை ஒன்று, நீலத்தில் கறுப்புக் கரை ஒன்று. ஆறாவதாகச் சாம்பல் சேலையையும் சேர்த்தோம். அதை விலக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்கா, "அவசரத்துக்கு அது இருக்கட்டும்" என்றார். அவர் சொன்னது சரி என்று பிறகு தெரிந்தது.

மீதி இரண்டை வாங்கினோம். இரண்டும் கண்டாங்கி. நம் ஊர்ச் சேலை, 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கெட்டியான பருத்தி, பெரிய கட்டம், அகலமான கரை. எங்கள் அப்பத்தா கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்து, கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரி கட்டுவார். கிணற்றில் நீர் இறைத்து, நெல் காயவைத்து, அதே சேலையோடு சாயங்காலம் கோவிலுக்கும் போவார். அன்றைக்கு அது வேலைச் சேலை. இப்போது பலரும் அதை விசேஷத்துக்குக் கட்டுகிற அடையாளச் சேலையாக வாங்கி, பாலிதீன் உறையோடு பூட்டி வைக்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. வெயிலுக்கும் வியர்வைக்கும் நெய்த துணி அது, பஸ்ஸில் ஏற வேண்டும்.

கண்டாங்கியின் பழைய நிறங்களைப் பாருங்கள். அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு. எந்த இரண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாலும் சேரும். கொஞ்சம் நிறம், ஒன்றோடொன்று பொருந்துவது என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்கிற விதி நம் தறியில் ஏற்கனவே இருக்கிறது. ஆறு பிளவுஸுக்கும் நிறம் தேர்ந்தெடுக்க நாங்கள் வேறெங்கும் போகவில்லை. இரண்டு கண்டாங்கியையும் பாயில் விரித்துப் போட்டு, கரையைப் பார்த்தே முடிவு செய்தோம். இன்னொரு சௌகரியம்: கெட்டி நிறத்தில் அக்குள் வியர்வைத் தடம் தெரியாது. கட்டத்தில் சாக்பீஸ் தூளும் கண்ணுக்குத் தெரியாது.

செலவு: கண்டாங்கி இரண்டும் 2,700 ரூபாய். பிளவுஸ் துணி ஆறு மீட்டர் 720. பருத்தி உள்பாவாடை மூன்று 540. ஃபால்ஸ் துணி இரண்டு 80. ஆக 4,040 ரூபாய். தையல் கூலி நான் வாங்கவில்லை. வெளியில் கொடுத்திருந்தால் அது தனி.

அத்தை சொன்ன வழி

பிளவுஸ் தீர்ந்தது, இஸ்திரி தீரவில்லை. ஏழு பருத்திச் சேலையையும் யார் தேய்ப்பது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைத் திண்ணையிலிருந்து அக்காவின் மாமியார் கேட்டிருக்கிறார். எழுந்து வந்து, கொடியில் முக்கால் பங்கு காய்ந்திருந்த நீலச் சேலையை உருவினார். "இந்தா, அந்த மூலையப் பிடி" என்று என் கையில் ஒரு முனையைக் கொடுத்தார்.

வளவின் இந்த முனையில் அத்தை, அந்த முனையில் நான். முதலில் இரண்டு பேரும் சேர்ந்து ஓங்கி ஒரு உதறு. பிறகு எதிர் மூலைகளைப் பிடித்துக் குறுக்காக இழுத்தோம். அப்புறம் மறு மூலைகளை மாற்றிப் பிடித்து மறுபடி இழுத்தோம். கரையும் கரையும் சேர்கிற மாதிரி நீளவாக்கில் மடித்து, இரண்டு உள்ளங்கையாலும் கரையை அழுத்தி நீவிக்கொண்டே வந்தார் அத்தை. நான்காக மடித்ததும் அதை மெத்தைக்கு அடியில் வைக்கச் சொன்னார். "முழுக்கக் காய விடாதீங்க. காஞ்சிருச்சுன்னா அப்புறம் சொன்ன பேச்சுக் கேக்காது" என்றார். மறுநாள் காலை எடுத்துப் பார்த்தபோது கொசுவம் வைக்கிற இடம் தவிர எங்கும் சுருக்கம் இல்லை.

ஒரு சேலைக்கு நான்கு நிமிஷம். புதன் சாயங்காலமும் ஞாயிறு சாயங்காலமும் அத்தையும் அக்காவும் நான்கு சேலை இழுத்து மடிப்பது அந்த வீட்டு வழக்கமானது. மகன் இருந்தால் அவனும் ஒரு மூலை பிடிக்கிறான். கஞ்சியையும் குறைத்தோம். வெயில் காலத்தில் கஞ்சி கெட்டியாக இருந்தால் நூலுக்கு நடுவில் காற்று போகாது. வடிகஞ்சியில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒரு முக்கு முக்கினால் போதும்.

மீதி உடுப்பு

சுடிதார் டாப் மூன்று, பேண்ட் இரண்டு, ஷால் இரண்டு. வீட்டுக்கு நைட்டி நான்கு. உள்பாவாடை பழையது ஒன்றும் சேர்த்து நான்கு. விசேஷத்துக்குப் பட்டு மூன்று, அதில் ஒன்றின் பிளவுஸ் நான் பிரித்துவிட்ட ஏழில் ஒன்று. திருவிழாவுக்கு மஞ்சள் சேலை ஒன்று தனியாக. செருப்பு இரண்டு ஜோடி. இவற்றில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை, இருந்ததில் நல்லதை எடுத்து வைத்தோம்.

பெட்டிக்குப் போனவை

தேர்ந்தது போக மீதி 84 சேலை. இங்கே அத்தைக்கு மனத்தாங்கல் வந்தது. சேலையை வெளியே கொடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்றார். யாரும் கொடுக்கச் சொல்லவில்லை என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். தூக்கிப் போடுவதை முதல் வேலையாக வைத்தால் எந்த வீட்டிலும் இது நடக்காது. கண்ணெதிரே இருக்கிற பீரோவில் இந்த மூன்று மாதத்து உடுப்பு மட்டும், மற்றது பெட்டகத்தில். அவ்வளவுதான் நாங்கள் செய்தது.

வைத்துக் கொடுத்ததில் பிரிக்காத புதுச் சேலை 14 இருந்தது. அவை தனிப் பெட்டிக்குப் போயின, இனி முறை செய்ய வேண்டிய இடங்களுக்கு அதிலிருந்து எடுக்கலாம். நைந்து மெதுவான பழைய பருத்தி இரண்டை, பிள்ளை பெறப் போகிற உறவுப் பெண் தூளி கட்டக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தூளிக்குப் புதுத்துணி ஆகாது, பத்து வருஷம் துவைத்த சேலைதான் வேண்டும். மற்றதையெல்லாம் கஞ்சி போகத் துவைத்து, நன்றாகக் காயவைத்து, வசம்புத் துண்டு போட்டு அடுக்கினோம். கஞ்சியோடு வைத்தால் பூச்சி அரிக்கும். பட்டை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றினோம், ஜரிகை பக்கத்தில் நாப்தலின் உருண்டை வைக்கவில்லை, ஜரிகை கறுத்துப்போகும். பெட்டக மூடியின் உள்பக்கம் பட்டியல் ஒன்றை ஒட்டிவைத்தோம்: எந்தச் சேலை, பிளவுஸ் உண்டா இல்லையா.

மூன்று மாதத்தில் நடந்தது

அக்கா காலண்டர் தாளை விடாமல் எழுதினார். பள்ளி 42 நாளில் பருத்தி கட்டியது 37 நாள். சாம்பல் சேலை மூன்று நாள்: ஒரு நாள் கோடை மழை, ஒரு நாள் காய்ச்சலோடு போனது, ஒரு நாள் கொடியில் இருந்தது எதுவும் காயவில்லை. மற்ற இரண்டு நாள் ஆண்டு விழாவுக்கும், கூட வேலை பார்த்தவரின் பிரிவு விழாவுக்கும் பட்டு. 7.40 பஸ்ஸைத் தவறவிட்டது, முந்தின மூன்று வாரத்தில் மூன்று தடவை. இந்த 42 நாளில் இரண்டே தடவை. இடுப்பில் வேர்க்குரு வந்தது, ஆனால் பள்ளி லீவில், வீட்டில் சிந்தடிக் நைட்டி போட்ட வாரத்தில். அந்த நைட்டியையும் எடுத்துவிட்டோம்.

தவறியதும் உண்டு. முதல் வாரத்திலேயே அரக்குப் பிளவுஸ் வியர்வையில் சாயம் விட்டு, கோராச் சேலையின் தோளில் இளஞ்சிவப்புத் தடம் விழுந்தது. ஒரு ராத்திரி ஊறவைத்தது போதும் என்று விட்டது என் தப்பு. கெட்டி நிறம் என்றால் தண்ணீர் தெளிவாக வருகிற வரை மூன்று நான்கு தடவை அலசியிருக்க வேண்டும். முந்தியின் ஓரத்தில் சாயம் தெரியாதபடி இப்போது அந்தப் பக்கத்தை உள்மடிப்பாக வைத்துக் கட்டுகிறார். கோரா பிளவுஸும் நிற்கவில்லை. ஒரு மாதத்தில் அக்குள் மஞ்சளித்துவிட்டது. அதற்குப் பதிலாக இரண்டாவதாக ஒரு கறுப்பு தைத்தேன். ஆசிரியைக்கு வெயில் காலத்தில் வெளிர் நிறப் பிளவுஸ் வேண்டாம் என்பது என் முடிவு.

விசேஷம் 9-க்கும் மூன்று பட்டு போதவில்லை. நான்காவது கல்யாணத்தில் ஒரு பெரியம்மா அக்காவின் கரையைத் தொட்டுப் பார்த்து, "போன கல்யாணத்துக்கும் இதத்தானே ஆத்தா கட்டியிருந்த?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். "ஆமா பெரியம்மா, எனக்கு ரொம்பப் பிடிச்ச சேலை" என்று அக்கா சொன்னார். சொல்லிவிட்டாரே தவிர, அது அவரை உறுத்தியது. அடுத்த விசேஷத்துக்குப் பெட்டகத்திலிருந்து இன்னொரு பட்டு வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. உறவு முறையில் சேலைக்கு ஒரு பேச்சு இருக்கிறது, ஒரு பருவத்தில் அதை மாற்றிவிட முடியாது. பட்டியல் ஒட்டியிருந்ததால், எடுக்கப் போன சேலைக்குப் பிளவுஸ் இருக்கிறதா என்று மட்டும் மூடியிலேயே பார்த்துக்கொண்டார்.

ஆடித் தள்ளுபடி வந்தபோது அக்கா கடைக்குப் போனார், நானும் கூடப் போனேன். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி எடுத்துவந்தது இரண்டு வரி: பச்சை பிளவுஸ் துணி ஒரு மீட்டர், கறுப்பு உள்பாவாடை ஒன்று. கூட்டத்தில் முக்கால் மணி நேரம் நின்று அந்த இரண்டையும் வாங்கினார். வெளியே வரும்போது ஒரு ஜார்ஜெட்டை எடுத்துப் பார்த்தார், "இஸ்திரி வேண்டாம்ல?" என்றார், பிறகு வைத்துவிட்டார்.

ஐப்பசி மழைக்கு இந்த வரிசை ஆகாது. கண்டாங்கி கெட்டித் துணி, அடைமழையில் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது. அப்போது சிந்தடிக் சேலைகள்தான் முன்னால் வர வேண்டும். பெட்டகத்தில் இருக்கிற 40-ல் பஸ்ஸுக்கும் பள்ளிக்கும் ஆகிற ஆறை இப்போதே பிரித்து வைத்திருக்கிறோம். ஆறில் நான்குக்குப் பிளவுஸ் இறுக்கம், உள்ளே விட்ட துணியும் இல்லை. கறுப்பும் அரக்கும் அவற்றுக்குச் சேருமா என்று ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்துப் பார்க்க வேண்டும்.